துப்பாக்கி துடைத்த கயிறு

முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே பழைய கதை பேசும் வயதுக்கு நாமெல்லாம் வந்து சேர்ந்துவிட்டோம். சிறு வயதில் வீட்டார் வைத்த பேர் ஒன்று உங்களுக்கும் இருக்கும். பால் சட்டியைக் கவிழ்த்தவள், ஆட்டைத் தொலைத்தவன் என்று ஏதாவது. வளர வளர அது உதிர்ந்துபோகும். கல்யாண வீட்டில் யாராவது ஞாபகப்படுத்தினால் சிரித்துவிட்டுப் பந்திக்குப் போவீர்கள். எனக்கு வைத்த பேர் உதிரவில்லை. பன்னிரண்டு வயதில் ஒட்டிக்கொண்டது, அறுபத்து மூன்றிலும் கூடவே வருகிறது. அப்பாவின் துப்பாக்கியைக் கெடுத்தவள் என்பது அந்தப் பேர். கெடுத்தது நான்தான் என்று ஐம்பது வருடம் நானும் நம்பினேன். அதனால் இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கி என்றதும் வேட்டை, ஜமீன் என்று எங்கேயோ போய்விடாதீர்கள். மல்லசமுத்திரத்துக்கு வெளியே நாலு ஏக்கர் மேட்டுக்காடும், வருடத்தில் பாதி நாள் வறண்டு கிடக்கும் ஒரு கிணறும்தான் எங்கள் சொத்து. காட்டை நம்பினால் ஆகாது என்று அப்பா பட்டாளத்துக்குப் போனார். பதினைந்து வருடம் கழித்துத் திரும்பி வந்தவருக்குச் சேலத்தில், அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் காவலாளி வேலை கிடைத்தது. அந்த வேலைக்கு ஒரு நிபந்தனை உண்டு. வங்கி துப்பாக்கி தராது. காவலுக்கு வருகிறவர்தான் சொந்தத் துப்பாக்கியோடும் லைசென்ஸோடும் வர வேண்டும். அம்மாவின் சங்கிலி போய் வீட்டுக்கு ஒரு பழைய ரைஃபிள் வந்தது.

வருடக் கடைசியில் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முன் போலீஸ் ஆயுதப்படையில் இருக்கிற ஆர்மரர், துப்பாக்கிகளைச் சோதிக்கிறவர், குழலுக்குள் பார்த்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று ஒரு சீட்டு எழுதித் தர வேண்டும். சீட்டு இருந்தால் வங்கி வாசலில் அப்பாவுக்கு ஸ்டூல் உண்டு. இல்லாவிட்டால் இல்லை. எங்கள் சோறும், என் படிப்பும், தம்பியின் படிப்பும் அந்த ஒன்றரை முழக் குழலுக்குள் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

சனிக்கிழமை மாலை அப்பா பேருந்தில் வருவார். காக்கித் துணி உறைக்குள் ரைஃபிள், இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நிற்கும். எவ்வளவு கூட்டம் இருந்தாலும் கண்டக்டர் அவருக்கு இடம் வாங்கிக் கொடுத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் துடைப்பு. தோட்டாக்களை எடுத்துத் தகர டப்பாவில் போட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டு, குழலின் பின்பக்கத்தை மூடுகிற போல்ட்டை உருவிப் பாயில் வைத்துவிட்டுத்தான் எங்களைக் கிட்டவே சேர்ப்பார்.

துடைப்பதற்குப் பட்டாளத்திலிருந்து ஒரு கயிறு கொண்டுவந்திருந்தார். கொண்டுவரக் கூடாததைக் கொண்டுவந்திருந்தார் என்பதுதான் சரி. அதற்குப் பேர் புல்த்ரூ. ஒரு நுனியில் விரல் நீளத்துக்குப் பித்தளைக் குண்டு, மறு நுனியில் ஒரு வளையம். வளையத்தில் எண்ணெய் தொட்ட துணித்துண்டைச் செருகி, குண்டைக் குழலின் பின்பக்கம் விட்டால் அது தன் கனத்தில் இறங்கி முன்வாயில் வந்து எட்டிப் பார்க்கும். அதைப் பிடித்து ஒரே மூச்சில் இழுத்தால் துணி குழல் முழுக்கத் துடைத்துக்கொண்டு வெளியே வரும். துணித்துண்டைப் பட்டாளத்துப் பேச்சில் சிந்தி என்பார்.

"நாலு விரல் நீளம், ரெண்டு விரல் அகலம். எப்பவும் ஒண்ணே ஒண்ணு. ரெண்டு வெச்சா உள்ள சிக்கிக்கும்" என்று அப்பா சொல்லாத ஞாயிறு இல்லை.

நான் ஏழாவது படித்த அந்த வருடம் ஐப்பசி தொடக்கத்தில் புல்த்ரூ தொலைந்தது. தம்பிக்கு அப்போது எட்டு வயது. பித்தளைக் குண்டைச் சணல் கயிற்றில் கட்டி, தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கக் கிணற்றுக்குள் விட்டிருக்கிறான். சணல் அறுந்து எல்லாமே உள்ளே போய்விட்டது. அவன் அழுதுகொண்டே வந்து சொன்னான். அடி விழும் என்று நானும் அவனோடு சேர்ந்து நடுங்கினேன். அப்பா சிரித்தார்.

"ஆம்பளப் பையன். கெணத்து ஆழம் எத்தனைன்னு பாக்கோணும்னு தோணியிருக்குது. உடு."

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

சேலத்தில் துப்பாக்கி விற்கிற கடையில் கேட்டதற்கு, வந்தால்தான் உண்டு, எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்களாம். ஐப்பசி மழை பிடித்துவிட்டது. ஒரு வாரம் துடைக்காமல் விட்டாலும் இரும்பு பூத்துவிடும். வருடக் கடைசிச் சோதனைக்கு மிஞ்சிப்போனால் ஒன்றரை மாதம். "நாமளே பண்ணிக்கலாம்" என்றார் அப்பா.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு ஒரு சந்தோஷம் வந்துவிடுகிறது. அதுதான் எரிச்சலாகவும் இருக்கிறது.

முதலில் குண்டு. அம்மா பிறந்த ஊர் மோகனூர். காவிரியில் வலை வீசுகிறவர்களிடமிருந்து வலையில் கோக்கும் ஈய மணிகளை ஒரு பிடி வாங்கி வந்தாள். கூடவே கரையிலிருந்து நாணல் தட்டையும் கொண்டுவந்தாள். குழலுக்குள் நுழைகிற அளவுக்குத் துளையுள்ள தட்டையை நான்தான் பொறுக்கி எடுத்தேன். அப்பா அதைத் தடவிப் பார்த்தார்.

"ஈரமிருந்தா ஈயம் மூஞ்சிக்கே தெறிக்கும். ஒரு வாரம் அடுப்போரமாக் கெடக்கட்டும்."

அடுத்த ஞாயிறு, காது போன இரும்புக் கரண்டியில் ஈயத்தைப் போட்டு அடுப்பில் வைத்தோம். மேலே ஆடை கட்டி, அதை ஒதுக்கினால் உள்ளே முகம் தெரிகிற மாதிரி மின்னியது. நாணலை மணலில் நட்டு, நடுவே ஒரு ஆணியைக் குறுக்காகக் குத்தி வைத்து ஊற்றினார். கருகல் வாடை வந்தது. ஆறியதும் தட்டையை உரித்து ஆணியை உருவினால், கயிறு கோக்கக் காதோடு சின்னதாக ஒரு ஈயக் குண்டு. அதை அம்மிக் கல்லில் வைத்துத் தேய்த்து வழவழப்பாக்கும் வேலை என்னுடையது. இரண்டு நாள் தேய்த்தேன். விரல் நுனியெல்லாம் கருத்துப் போய், பள்ளிக்கூடத்தில் டீச்சர் கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னார்.

மூலைமுடுக்குக்கு எண்ணெய் விடக் கோழி இறகு. போல்ட்டில் கரி சுரண்ட மூங்கில் சிம்பு. எண்ணெய்க்குத் தையல்காரரிடம் மிஷின் எண்ணெய் அரைப் புட்டி. அப்பாவின் பழைய வேட்டி கிழிந்து சிந்தியானது. குழலுக்குள் பார்ப்பதற்கு உடைந்த கண்ணாடிச் சில் ஒன்றைப் பின்பக்கம் சாய்த்துப் பிடிப்பேன். வெளிச்சம் உள்ளே போகும். முன்வாயில் கண் வைத்தால் குழலின் உட்சுவரில் வெட்டியிருக்கிற புரிகள் சுற்றிச் சுற்றிப் போய் ஒரு வட்ட வெளிச்சத்தில் முடியும். அவ்வளவு சுத்தமான ஒன்றை அதுவரை நான் எங்கள் வீட்டில் பார்த்ததில்லை.

கயிறுதான் முக்கியம். அம்மாவின் தம்பி, என் மாமா, திருச்செங்கோட்டில் நாலு தறி வைத்திருந்தார். லீவு நாட்களில் நான் அங்கே போய் அறுந்த இழையை முடிந்து கொடுப்பேன். தறியில் போடுகிற முடிச்சு சின்னதாக இருக்க வேண்டும், இழுத்தாலும் அவிழக் கூடாது. பார்த்துப் பார்த்து எனக்கு அது கையில் படிந்துவிட்டது. மாமா தறியில் மிஞ்சிய பாவு நூலைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் அதை மூன்று புரியாகப் பிரித்து, சடை பின்னுகிற மாதிரி இறுக்கிப் பின்னினேன். ஒரு நுனியில் ஈயத்தைக் கட்டினேன். மறு நுனியில் வளையம் போட்டேன். ஆக இரண்டு முடிச்சு.

அப்பா வளையத்தைக் கதவு நாதாங்கியில் மாட்டிவிட்டு, மறு முனையைக் கையில் சுற்றிக்கொண்டு உடம்பைச் சாய்த்து இழுத்துப் பார்த்தார். கதவுதான் ஆடியது.

"காளையவே கட்டலாமாட்ட இருக்குதே அம்மிணி" என்றார்.

அவர் வாயால் எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான். அன்றைக்குச் சாப்பிடும்போதுகூட அந்தக் கயிற்றை மடியில் வைத்திருந்தேன்.

முதல் தடவை இழுத்ததும் ஒரு குறை தெரிந்தது. பாவு நூல் பஞ்சு விட்டது. சிந்தி துடைத்துக்கொண்டு வந்த பிறகும் குழலுக்குள் மெல்லிய இழைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அன்று மாமா வந்திருந்தார்.

"பாவுக்குக் கஞ்சி போடறாப்பல இதுக்கும் போட்டுப்போடுங்க மச்சான். பஞ்செல்லாம் படிஞ்சுக்கும்."

பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் நூலை மெழுகுவர்த்தியில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் ஊசியில் கோப்பார். எனக்கு அது ஞாபகம் வந்தது.

"மெழுகு தேச்சா ஆகாதுங்களா?" என்றேன்.

"பெரியவங்க பேசறப்ப ஊடால வராத" என்றார் அப்பா.

மாமா இன்னொன்றும் சொன்னார். "கஞ்சியில மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடோணுமுங்க மச்சான். இல்லீனா பூச்சி, எலி எல்லாம் வாய் வெச்சுரும். தறியில அப்படித்தான் போடுவோம்."

"துத்தம் பட்டா இரும்பு போச்சு மாப்ள. வெறுங் கஞ்சி போதும்."

அதில் அப்பா சொன்னது சரிதான். துத்தம் இரும்பைத் தின்னும். எலி எதைத் தின்னும் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை. அம்மா வடித்த கஞ்சியில் கயிற்றை முக்கிப் பிழிந்து, உள் அறையில் ஆணியில் தொங்கவிட்டார். மழைக்காலம், ஈரம் காயவே இல்லை. வாரம் முழுக்கத் தொங்கியது. காய்ந்ததும் அடுத்த ஞாயிறு இழுத்தார். பஞ்சு நின்றது. அதனால் அதுவே வழக்கமாயிற்று. வாரா வாரம் துடைத்து முடித்ததும் கஞ்சி முக்கு, அதே ஆணி. கீழேதான் காட்டிலிருந்து பறித்து வந்த கடலைக்காய் மூட்டைகள் அடுக்கியிருந்தன.

கார்த்திகையில் ஒரு நாள் அந்த அறையைக் கூட்டும்போது எலிப் புழுக்கை கிடந்தது. அம்மாவிடம் சொன்னேன்.

"கடலக்கா இருக்கற ஊட்டுக்கு எலி வராம வேற என்ன சாமி வரும்" என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்த்தாள். எனக்கும் மேலே ஒன்றும் தோன்றவில்லை. நான் மூட்டையைத்தான் பார்த்தேன். தலைக்கு மேலே தொங்கிய கயிற்றைப் பார்க்கவில்லை.

சோதனைக்குத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முந்தின ஞாயிறு எங்கள் வீட்டில் கடைசி வயல் கடலைச் செடிகள் வந்து குவிந்திருந்தன. வெளியே தூறல். முன் சாளையில், கூரைக்கடியில், பதினைந்து பெண்கள் உட்கார்ந்து செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அப்பா அவர்களுக்கு எதிரிலேயே பாயை விரித்தார். அவருக்கு அது பிடிக்கும். பட்டாளத்துக்காரர் துப்பாக்கி துடைப்பதை ஊர் பார்க்க வேண்டும்.

கண்ணாடிச் சில்லை வைத்துப் பார்த்தவருக்குக் குழலில் எங்கேயோ துளி சிவப்புத் தெரிந்திருக்கிறது. நான் வெட்டி வைத்திருந்த சிந்தியில் ஒன்றை எடுத்தார். யோசித்தார். இன்னொன்றையும் எடுத்து இரண்டையும் சேர்த்து வளையத்தில் செருகினார். நான் பார்த்தேன். சொல்லவில்லை. ஊடால வராத என்று சொல்லியிருந்தாரே.

பாதிக் குழலில் கயிறு நின்றுவிட்டது. இழுத்தார், வரவில்லை. "கட்டையப் புடி" என்றார். நான் உட்கார்ந்து ரைஃபிளின் அடிக்கட்டையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன். அவர் எதிரே நின்று, கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, பின்னால் சாய்ந்து வெடுக்கென்று இழுத்தார். எதிர்ப்பு சட்டென்று இல்லாமல் போனது. அப்பா கடலைச் செடிக் குவியலில் மல்லாந்து விழுந்தார். வேட்டி தூக்கிக்கொண்டது.

ஒரு கணம் எல்லாருடைய கையும் நின்றது. பிறகு ஒருத்தி, யார் என்று இப்போது முகம் நினைவில்லை, மெதுவாகச் சொன்னாள்.

"பட்டாளத்தாரு குண்டு படாமயே உளுந்துட்டாருங்களே."

பதினைந்து பேரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அப்பா எழுந்தார். வலது கை மூடியிருந்தது. காதெல்லாம் சிவந்திருந்தது. வேட்டியைச் சரி செய்துகொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"முடிச்சு அவுந்து போச்சு. இந்தக் கழுத போட்ட முடிச்சு."

சொல்லிக்கொண்டே இடது கையால் ஓங்கி அறைந்தார். ரைஃபிளைக் கீழே போடக் கூடாது என்பதால் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டேதான் அந்த அடியை வாங்கினேன்.

"பாக்கட்டுங்களா அப்பா" என்று கேட்டேன். எங்கே அவிழ்ந்தது என்று பார்த்தால் மறுபடி கட்டிவிடலாம் என்று நினைத்தேன். அவர் மூடிய கையைச் சட்டைப் பைக்குள் விட்டு, வெறுங்கையாக எடுத்தார். ஆய்ந்துகொண்டிருந்தவர்களில் ஒருத்தி, "பொட்டப் புள்ளைகிட்ட இந்த வேலையெல்லாம் குடுக்கலாமுங்களா" என்றாள். அதற்குள் ஊருக்குக் கதை தயாராகிவிட்டது.

அன்று மதியமே அப்பா ரைஃபிளை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு திருச்செங்கோடு போனார். மாமாவுக்குத் தெரிந்த ரிக் பட்டறை அங்கே இருந்தது. ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டிகளைப் பழுது பார்க்கிற இடம். அவர்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். ஒரு இரும்புக் கம்பியைக் கடைந்து, குழலின் முன்வாயில் விட்டு, சுத்தியால் அடித்துத் துணியைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். குழல் நிறைய எண்ணெய் ஊற்றி ஒரு நாள் வைத்திருந்தால் துணி தானாக இளகியிருக்கும், மூங்கில் குச்சிக்கே வந்திருக்கும் என்பது இன்று எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு அவருக்கு அந்த ஒரு நாள் இல்லை.

சாயங்காலம் திரும்பி வந்தார். யாரும் இல்லாத நேரம் பார்த்து நான் கண்ணாடிச் சில்லைச் சாய்த்து உள்ளே பார்த்தேன். சுற்றிச் சுற்றிப் போகும் புரிகளுக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு நேராக ஓடியது. பக்கத்தில் இன்னொன்று. என் முடிச்சு இதைச் செய்துவிட்டது என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை அப்பா உறையோடு வந்தார். உறைக்குள் ஒன்றும் இல்லை.

"என்னங்க சொன்னாங்க?" என்றாள் அம்மா.

"குழல்ல கோடு உளுந்திருக்குது, சீட்டுத் தர முடியாதுன்னுட்டான். துப்பாக்கிய அங்கயே வெச்சுக்கிட்டாங்க. பேங்குல வேற ஆளு வந்தாச்சு."

பிறகு என் பக்கம் கையைக் காட்டி, "இவளுக்குச் சோறு போடு. நல்லாத் திங்கட்டும்" என்றார்.

ரைஃபிள் வீட்டுக்குத் திரும்பவே இல்லை. அந்தக் காக்கி உறையில் அம்மா வெகுநாள் குடைகளைப் போட்டு வைத்திருந்தாள். ஈயம் உருக்கிய கரண்டி, கோழி இறகு, மூங்கில் சிம்பு, கண்ணாடிச் சில் எல்லாம் எங்கே போயின என்று தெரியாது. அப்பா மோகனூரில் ஒரு கிடங்குக்குக் காவல் போனார். அங்கே கையில் மூங்கில் தடி. அதற்குப் பிறகு பேருந்தில் அவருக்கு யாரும் இடம் வாங்கிக் கொடுக்கவில்லை.

அடுத்த ஜூனில் தம்பி மூன்றாம் வகுப்பிலிருந்து நாலாம் வகுப்புக்குப் போனான். நான் ஏழாவதோடு நின்றேன். மாமா தறிக்கே அனுப்பினார்கள், அறுந்த இழையை முடிவதற்கு. முடிச்சுப் போடத் தெரியாமல் வீட்டைக் கெடுத்தவள் என்று சொல்லி, நாள் முழுக்க முடிச்சுப் போடுகிற வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். இதில் இருக்கிற வேடிக்கை யாருக்கும் தெரியவில்லை. எனக்கே அப்போது தெரியவில்லை. பதினோரு வருடம் முடிந்தேன். ஒரு முடிச்சு அவிழ்ந்து துணி கெட்டது என்று மாமா ஒரு நாள்கூட என்னிடம் சொன்னதில்லை. அவிழாதது ஏன் என்று நானும் ஒரு நாள்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். தம்பி கல்யாணத்தில் நடந்ததுதான் இன்றைக்கும் ஆறவில்லை. மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சுப் போட்டால், மீதியை அவன் கூடப் பிறந்தவள் போட வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். மாப்பிள்ளையோடு கூடப் பிறந்தவளை உட்கார வைத்துச் செய்யும் இணைச்சீருக்கு என்னைத்தான் உட்கார வைத்தார்கள். எனக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு பெண்ணுக்குப் பின்னால் போய் நின்றேன். கெட்டிமேளம் ஆரம்பித்தது. அப்பா என்னைத் தாண்டி, பெரியப்பா மகளைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"நீ வந்து முடி சாமி. இவ முடிச்சு நம்ம ஊட்டுக்கு ஆகாது."

பந்தலில் பழையவர்களுக்கெல்லாம் விஷயம் தெரியும். சிரித்தார்கள். கேலிதான், யாரும் கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. முடிச்சுப் போட வந்தவளிடமிருந்து விளக்கை வாங்கி நான் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊருக்குத் திரும்பும்போது பேருந்தில் என் வீட்டுக்காரர், "நெசமாலுமே நீ சரியா முடியலியா அன்னைக்கு?" என்று கேட்டார். அவரும் நல்ல மனுஷர்தான். ஆமாம் என்றேன்.

போன புரட்டாசியில் அப்பா காலமானார். தொண்ணூறைத் தொட்டுவிட்டுப் போனார். கடைசி மூன்று வருடம் நான்தான் மல்லசமுத்திரத்து வீட்டில் தங்கி அவரையும் அம்மாவையும் பார்த்துக்கொண்டேன். காரியம் முடிந்து தம்பி சேலத்துக்குக் கிளம்பும்போது, "அந்தப் பட்டாளத்துப் பொட்டிய ஒதுக்கி வெச்சுரு அக்கா, இரும்புக்குப் போட்டுரலாம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பச்சை பெயின்ட் அடித்த பெட்டி. மேலே எழுதியிருந்த பேர் அழிந்து எண் மட்டும் இருந்தது. உள்ளே பட்டாளத்துக் காகிதங்கள், ஒரு பதக்கம், மயிர் உதிர்ந்த சவர பிரஷ். எல்லாவற்றுக்கும் அடியில் தகரத்தில் ஒரு சிகரெட் டப்பா. அப்பா சிகரெட் பிடிப்பதில்லை. மூடி துருப்பிடித்திருந்தது, கத்தி முனையால் நெம்பித் திறந்தேன்.

கயிறு இரண்டு துண்டாக இருந்தது.

ஒரு துண்டில் நான் அம்மிக் கல்லில் தேய்த்த ஈயக் குண்டு. அதன் காதில் என் முடிச்சு, போட்டது போட்டபடி. இன்னொரு துண்டில், பட்டறையில் குழலிலிருந்து தள்ளி எடுத்ததில், வளையம். வளையத்துக்குள் கருத்து இறுகிப்போன சிந்தி இரண்டு. அந்த முடிச்சும் அப்படியே இருந்தது. கயிறு போயிருந்தது நடுவில். பதினோரு வருடம் தறியில் இருந்தவளுக்கு நூலின் முனையைப் பார்த்தால் தெரியும். இழுத்து அறுந்த நூல் நீளமும் குட்டையுமாகப் பிசிறும். மூன்று புரியில் ஒன்று மட்டும்தான் அப்படிப் பிசிறியிருந்தது. மற்ற இரண்டும் கொறித்து எடுத்தாற்போல் குட்டையாக, சாய்வாக, ஒரே அளவில் நின்றன. எலி கடித்தது. கஞ்சிக்கு வந்து கடித்தது. மிச்சமிருந்த ஒற்றைப் புரியை நம்பி அப்பா இரண்டு சிந்தி வைத்து இழுத்திருக்கிறார்.

விழுந்து எழுந்தபோதே அது அவர் கைக்குள் இருந்தது. குண்டும், முடிச்சும், அறுந்த முனையும். அவருக்கு அந்த நொடியே தெரியும். பதினைந்து பெண்கள் முன்னால் வந்த வெட்கத்தில் வாயில் வந்ததைச் சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். மனுஷனுக்கு அப்படி ஒரு நொடி வரும். செவ்வாய்க்கிழமை சொல்லியிருக்கலாம். ஜூனில் சொல்லியிருக்கலாம். கல்யாணப் பந்தலில் வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். மூன்று வருடம் நான் அவருக்குச் சோறு ஊட்டினேன்.

இரண்டு துண்டையும் தரையில் வைத்துப் போனில் படம் எடுத்து, விவரமாக எழுதித் தம்பிக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கட்டை விரல் படம் வந்தது. அதற்குக் கீழே, "பாவம்க்கா அப்பா, பத்திரமா வெச்சிருந்திருக்காரு" என்று எழுதியிருந்தான்.

டப்பாவை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் மங்கல்தான், ஆனாலும் கையில் வாங்கித் தடவியதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இத இன்னும் வெச்சிருந்தாரா" என்றாள்.

"உங்களுக்குத் தெரியுங்களா அம்மா?"

"தெரியுஞ் சாமி. ஒரு துண்டு அன்னைக்கே தொவைக்கறப்பச் சட்டைப் பையில கெடந்துச்சு. எலி கடிச்சதுன்னு பாத்ததுமே தெரிஞ்சுது. எடுத்துக் குடுத்தேன். பொட்டிக்குள்ள வெச்சுட்டாரு. நான் ஒண்ணும் கேக்கல."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

அவள் சுவரைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"வேலையும் போயி, தப்பும் அவருதுன்னு ஆச்சுன்னா, அப்பறம் அந்த மனுசனுக்கு என்ன சாமி இருக்குது? நீ சின்னப் புள்ள. ரெண்டு நாள் அழுதுட்டு மறந்துருவேன்னு நெனச்சேன். அப்பறம் அதையே எல்லாரும் சொல்லிச் சொல்லி, அதுதான் நடந்ததாட்டவே ஆயிப்போச்சு."

எனக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. எண்பத்து ஆறு வயதுக் கிழவியைப் பார்த்து எதைக் கத்துவது? படித்திருப்பேனே என்று கத்தவா? அந்த விளக்கை நான் ஏன் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று கத்தவா? டப்பாவை மூடி ஜன்னலில் வைத்தேன். இரும்புக்குப் போகிற பெட்டியோடு அதைப் போடுவதாக இல்லை.

அம்மா கால் பக்கம் எதையோ துழாவினாள். வாத வலிக்குக் கணுக்காலில் கட்டிக்கொள்ள, தம்பி பெண்டாட்டி கோயிலிலிருந்து வாங்கி வந்து கொடுத்த கறுப்புக் கயிறு போர்வைக்கடியில் கிடந்தது. அதை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"வந்தது வந்த, இதச் சித்தெக் கட்டி உடு."

தரையில் உட்கார்ந்து அவள் காலை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். கயிற்றைச் சுற்றி, இரண்டு முனையையும் சேர்த்தேன்.

"ரெண்டு முடிச்சாப் போடு சாமி" என்றாள் அம்மா. "உன் முடிச்சு நிக்காது."